தீவுக்கு வெளியே நின்று ட்ரோன் விட்டால் என்ன தப்பு?

தென் தமிழகக் கடற்கரை ஊர் ஒன்றைச் சேர்ந்த 27 வயது இளைஞர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

பயண வீடியோ எடுத்துப் போடும் சேனல் ஒன்றை அவர் நடத்துகிறார். தாய்மாமா குடும்பம் அந்தமானில் குடியேறி இரண்டு தலைமுறை ஆகிறது. மாமா மகன் கடன் வாங்கி டிங்கிப் படகு ஒன்று வைத்து மீன் பிடிக்கிறார். வெளியாட்களை உள்ளே விடாமல் தனித்து வாழும் சென்டினலியப் பழங்குடியினரின் வடக்கு சென்டினல் தீவைப் பற்றி ஒரு வீடியோ செய்து தரச் சொல்லி விளம்பர நிறுவனம் ஒன்று முன்பணமும் கொடுத்துவிட்டது. இரவில் கிளம்பி, விடியும் நேரத்தில் தீவுக்கு ஐந்து கிலோமீட்டருக்கு வெளியே படகை நிறுத்தி, ட்ரோன் விட்டுப் படம் எடுப்பது திட்டம். முடிந்தால் ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் தேங்காய், எவர்சில்வர் பாத்திரம், காய்ச்சல் மாத்திரை எல்லாம் போட்டு அலையில் மிதக்கவிட்டு வர வேண்டும் என்ற ஆசையும் இருக்கிறது.

அவர் வைக்கும் வாதங்கள் இவை: "2018-லேயே மத்திய அரசு 29 தீவுகளுக்குத் தடையை நீக்கிவிட்டது, அதில் இந்தத் தீவும் உண்டு. நான் இந்தியக் குடிமகன், நாட்டில் எங்கும் போகும் உரிமை எனக்கு அரசியல் சாசனம் கொடுத்தது. நான் கரையில் கால் வைக்கப் போவதில்லை. 1991-ல் அவர்களே கையில் தேங்காய் வாங்கியிருக்கிறார்கள். மருந்தும் படிப்பும் கொடுக்காமல் ஒரு கூட்டத்தை மிருகக்காட்சிசாலை மாதிரி அடைத்து வைப்பதுதான் அநியாயம். ஆளைக் கொன்றாலும் அவர்கள்மேல் வழக்கு இல்லை என்பது என்ன நீதி?" கடைசி வரியில், "மச்சானுக்கு ஒன்றும் ஆகாதுதானே?" என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, இந்த மாதிரி விஷயங்களில் போலீஸ் நோட்டீஸ் கைக்கு வந்த பிறகுதான் பெரும்பாலும் வக்கீலைத் தேடுவார்கள். நீங்கள் முன்னாலேயே கேட்டிருக்கிறீர்கள், அதுவே நல்லது. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போகாதீர்கள். மச்சானுக்கு ஆகும், நிறையவே ஆகும். ஆனால் "போகாதே" என்று மட்டும் சொன்னால் உங்கள் மனசு ஆறாது. உங்கள் வாதங்களில் சிலவற்றை ஒதுக்கித் தள்ளவும் முடியாது. அதனால் கொஞ்சம் விரிவாகவே பேசலாம்.

அந்த 29 தீவுப் பட்டியல் உங்களுக்கானதே இல்லை

இணையத்தில் பாதி பேர் குழம்புவது இங்கேதான். வெளிநாட்டவர் அந்தமானுக்கு வந்தால் தனி அனுமதி வாங்க வேண்டும் என்று 1963-ஆம் ஆண்டு ஆணை ஒன்று போட்டிருந்தார்கள். 2018-ல் 29 தீவுகளை அந்த அனுமதித் தேவையிலிருந்து 2022 டிசம்பர் 31 வரை விலக்கினார்கள். பட்டியலில் வடக்கு சென்டினலும் இருந்தது உண்மை. அதைச் சேர்த்தது தேவையில்லாத வேலை என்பது என் கருத்து. அதே வருடம் நவம்பரில் நடந்ததை (கீழே சொல்கிறேன்) பார்த்த பிறகு அப்படி நினைப்பவன் நான் ஒருவன் மட்டும் இல்லை.

அந்த விலக்கு வெளிநாட்டுப் பயணிகளுக்கான ஒரு காகிதத்தைப் பற்றியது. இந்தியரான உங்களுக்கு அந்தக் காகிதம் என்றைக்குமே தேவைப்பட்டதில்லை. உங்களைத் தடுப்பது வேறு ஒரு சட்டம்: 1956-ஆம் ஆண்டின் அந்தமான் நிகோபார் தீவுகள் (ஆதிப் பழங்குடியினர் பாதுகாப்பு) ஒழுங்குமுறை. இது குடியரசுத் தலைவர் பிறப்பித்தது. பாராளுமன்றச் சட்டத்துக்கு உள்ள அதே வலு இதற்கும் உண்டு. வெளிநாட்டவர், உள்நாட்டவர் என்ற பேதம் இதில் கிடையாது. சென்டினலியர், ஜாரவா, ஓங்கே, அந்தமானியர், நிகோபாரியர், ஷோம்பென் என்ற ஆறு மக்களையும் இது பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அவர்கள் வாழும் பகுதியை ஒதுக்கப்பட்ட பகுதி என்று நிர்வாகம் அறிவித்துவிட்டால், அனுமதிச் சீட்டு இல்லாமல் வேறு யாரும் உள்ளே போகக் கூடாது. 2018 விலக்கு இதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை.

வடக்கு சென்டினலைப் பொறுத்தவரை தீவு முழுவதும், உயர் அலைக் கோட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டர் கடலும் சேர்த்து ஒதுக்கப்பட்ட பகுதி. அந்தக் கடலும் அவர்களுடைய இடம்தான். ஆழமில்லாத பவளத்திட்டில் ஓடம் தள்ளி அவர்கள் மீனும் நண்டும் பிடிப்பது அங்கேதான். 2012-ல் இந்த ஒழுங்குமுறையைத் திருத்தித் தண்டனையை உயர்த்தினார்கள். படமோ வீடியோவோ எடுப்பதற்காக நுழைந்தால் மூன்று ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். அபராதத் தொகையைப் பார்த்து "இவ்வளவுதானா" என்று நினைக்காதீர்கள். பாஸ்போர்ட், விசா, அரசு வேலை என்று எங்கே போனாலும் கூடவே வருவது அந்தச் சிறைத் தண்டனையும் குற்ற வழக்கும்தான்.

"எங்கும் போகும் உரிமை"

அரசியல் சாசனத்தின் 19-ஆவது பிரிவைக் காட்டியிருக்கிறீர்கள். இந்தியா முழுவதும் தடையில்லாமல் நடமாடும் உரிமை அதில் இருக்கிறது, சரி. ஆனால் அதே பிரிவில் இன்னும் கொஞ்சம் கீழே ஐந்தாவது உட்பிரிவுக்கு வாருங்கள். அந்த உரிமைக்கு நியாயமான கட்டுப்பாடு விதிக்க இரண்டு காரணங்கள் சொல்லியிருக்கிறது. ஒன்று பொதுமக்களின் நலன். இன்னொன்று பட்டியல் பழங்குடியினரின் நலனைப் பாதுகாப்பது. அந்தமானின் இந்த மக்கள் பட்டியல் பழங்குடியினர். எல்லோருக்கும் நடமாட்ட உரிமை எழுதிய கையோடு, பழங்குடியினர் இருக்கும் இடத்தில் அந்த உரிமை எங்கே நிற்கும் என்பதையும் சாசனத்தை வகுத்தவர்கள் யோசித்தே எழுதியிருக்கிறார்கள். உங்கள் வாதத்தை எடுத்துக்கொண்டு கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் போர்ட் பிளேர் அமர்வுக்குப் போனால், மனு முதல் நாளைத் தாண்டுமா என்பதே சந்தேகம்.

ட்ரோன், ஐந்து கிலோமீட்டர், கடல்

நீங்கள் ஐந்து கிலோமீட்டருக்கு வெளியே நிற்கிறீர்கள், ட்ரோன் மட்டும் உள்ளே போகிறது. "நான் நுழையவில்லை, என் ட்ரோன்தான் நுழைந்தது" என்ற வாதத்தை நீதிபதி முன்னால் வைக்க எனக்குத் தைரியம் வராது. படம் எடுப்பதற்காக வரக் கூடாது என்று சட்டம் தனியாகவே சொல்லும்போது, படம் எடுக்கும் கருவியை அனுப்பியவர் நிரபராதி என்று யார் ஒப்புக்கொள்வார்கள்? போதாக்குறைக்கு 2021 ட்ரோன் விதிகள் வேறு இருக்கின்றன. கண்ணுக்கெட்டும் தூரத்தைத் தாண்டி இஷ்டத்துக்கு ட்ரோன் பறக்கவிட முடியாது. அந்தமானோ கடற்படையும் விமானப்படையும் கடலோரக் காவல் படையும் நிறைந்த இடம். உங்கள் பொம்மை ட்ரோன் அவர்கள் கண்ணில் பட்டால் விசாரணை பழங்குடிச் சட்டத்தோடு நிற்காது.

இதுவரை சொன்னது சட்டம். கடலையும் கொஞ்சம் பார்ப்போம். ஐந்து கிலோமீட்டர் என்பது வரைபடத்தில் ஒரு கோடு. தண்ணீரில் அப்படி ஒரு கோடு கிடையாது. 2006 ஜனவரியில் இரண்டு இந்திய மீனவர்கள் இதே தீவின் அருகே இரவில் படகை நிறுத்திவிட்டுத் தூங்கினார்கள். நங்கூரம் பிடி விட்டது, நீரோட்டம் படகைக் கரைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனது. இரண்டு பேரும் கொல்லப்பட்டார்கள். உடல்களை எடுக்கப் போன கடலோரக் காவல் படை ஹெலிகாப்டர்மேல் அம்பு பறந்தது. அந்த மீனவர்கள் யாரையும் பார்க்கவோ படம் பிடிக்கவோ போனவர்கள் இல்லை, திட்டமிட்டுக் கரையேறியவர்களும் இல்லை. இரவில் இன்ஜின் மக்கர் செய்தால் மச்சானின் படகுக்கும் அதே கதிதான். உதவிக்கு யாரையாவது கூப்பிட்டால், கூப்பிடுகிற அந்த நொடியே நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று நீங்களே வாக்குமூலம் கொடுத்தது மாதிரி.

மச்சானுக்கு என்ன ஆகும்?

2018 நவம்பரில் ஜான் ஆலன் சாவ் என்ற 26 வயது அமெரிக்கர் மதப் பிரசாரம் செய்யும் நோக்கத்தோடு இந்தத் தீவுக்குப் போய்க் கொல்லப்பட்டார். உலகமே அவரைப் பற்றிப் பேசியது. அவரைக் கொண்டுபோய் விட்டவர்களைப் பற்றி எத்தனை பேர் பேசினார்கள்? மீனவர்களுக்கு அவர் கொடுத்தது 25,000 ரூபாய். ரோந்துக்குத் தெரியாமல் இரவில் கூட்டிப் போனார்கள். கடைசியில் கரையில் அவர் உடலை இழுத்துப் போய்ப் புதைப்பதைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். மீனவர்கள் உட்பட ஏழு பேர் கைதானார்கள்.

உங்கள் வழக்கில் இது எப்படி வரும் என்று பாருங்கள். வீடியோ எடுத்தவர் நீங்கள், சரி. ஆனால் படகு அவர் பெயரில், உரிமம் அவர் பெயரில், திசை தெரிந்தவரும் அவர்தான். "எனக்கு இந்தச் சட்டம் தெரியாது" என்று தமிழ்நாட்டிலிருந்து வந்த நீங்களாவது சொல்லிப் பார்க்கலாம், நீதிமன்றம் ஏற்காது என்றாலும். பிறந்ததிலிருந்து அந்தமானில் இருப்பவர் அந்தப் பேச்சையே எடுக்க முடியாது. மீன்பிடிக்க உரிமம் வாங்கிய படகில் காசுக்கு ஆள் ஏற்றுவது தனித் தப்பு. இன்சூரன்ஸ் கம்பெனிக்குக் கைவிரிக்க அது ஒன்றே போதும். படகு வழக்குச் சொத்தாகிவிடும். நீதிமன்றத்தில் மனுப் போட்டு, பிணைப் பத்திரம் எழுதிக் கொடுத்து மீட்கும் வரை அது வெயிலிலும் மழையிலும் கிடக்கும். அந்தமான் மழையில் ஒரு பருவம் கிடந்த வெளிப்புற இன்ஜினை மறுபடி ஓட்ட என்ன செலவாகும் என்று மச்சானையே கேளுங்கள். வங்கித் தவணை அதற்காக நிற்காது. நீங்கள் விமானம் ஏறி ஊருக்கு வந்துவிடுவீர்கள். அவர் ஒவ்வொரு வாய்தாவுக்கும் போய் நிற்க வேண்டும்.

தேங்காயும் மாத்திரையும்

கடிதத்தில் எனக்கு அதிகம் கவலை தந்தது இந்தப் பகுதிதான். நீங்கள் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை, அது நன்றாகவே தெரிகிறது. ஆனால் அந்தத் தீவுகளின் வரலாற்றில் நல்ல எண்ணத்தோடு போனவர்கள் செய்த சேதம் கொஞ்சநஞ்சம் இல்லை.

1880-ல் போர்ட்மேன் என்ற ஆங்கிலேய அதிகாரி இதே தீவில் இறங்கி ஒரு முதிய தம்பதியையும் நான்கு குழந்தைகளையும் போர்ட் பிளேருக்குப் பிடித்துக்கொண்டு போனார். நன்றாக நடத்தி, பரிசு கொடுத்துத் திருப்பி அனுப்பினால் நட்பாகிவிடுவார்கள் என்பது அவர் கணக்கு. கொஞ்ச நாளிலேயே எல்லோருக்கும் நோய் கண்டது. பெரியவர்கள் இரண்டு பேரும் இறந்துபோனார்கள். குழந்தைகளைப் பரிசுப் பொருட்களோடு தீவில் கொண்டுபோய் விட்டார்கள். அந்தப் பிள்ளைகள் என்ன நோயைச் சுமந்துகொண்டு கரையேறினார்கள், அதற்குப் பிறகு தீவில் எத்தனை பேர் செத்தார்கள் என்பதற்குக் கணக்கு இல்லை. வெளியாள் என்றாலே அம்பை எடுக்கும் அவர்களின் வழக்கம் காட்டுமிராண்டித்தனம் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு சம்பவத்தை மட்டும் படித்தால் போதும்.

பக்கத்துத் தீவுக்காரர்களுக்கு ஆனதையும் பாருங்கள். 1858-ல் ஆங்கிலேயர் கைதிகள் குடியிருப்பைத் தொடங்கியபோது கிரேட் அந்தமானியர் சுமார் 5,000 பேர் இருந்ததாக மதிப்பீடு. "அந்தமான் இல்லம்" என்று ஒன்றைத் தொடங்கி அவர்களை அங்கே வைத்து வளர்த்தார்கள். 1877-ல் தட்டம்மை வந்தது, மேகநோயும் பரவியது. இன்றைக்கு இருப்பவர்கள் ஐம்பது சொச்சம். ஓங்கே மக்கள் 1901 கணக்கில் 672, 2011 கணக்கில் 101. இந்த இரண்டு மக்களுக்கும் ஊர், ரேஷன், மருத்துவம் எல்லாம் அரசு கொடுத்தது. நீங்கள் சென்டினலியருக்குக் கேட்பதெல்லாம் இவர்களுக்குக் கிடைத்தவைதான். ஜாரவாக்கள் 1997 வாக்கில் வெளியாரோடு பழக ஆரம்பித்தார்கள். 1999-லேயே தட்டம்மை அவர்களைப் பிடித்தது. தலைமுறை தலைமுறையாக நம் உடம்பு பழகிவிட்ட சளியும் அம்மையும் அவர்கள் உடம்புக்கு முற்றிலும் புதியவை.

அந்த பிளாஸ்டிக் டிரம் யோசனைக்கு வருகிறேன். 2008 டிசம்பரில் லிட்டில் அந்தமானின் டூகாங் கிரீக்கில் ஒரு கேன் கரை ஒதுங்கியது. உள்ளே இருந்த திரவத்தைச் சாராயம் என்று நினைத்து ஓங்கே ஆண்கள் குடித்தார்கள். எட்டுப் பேர் செத்தார்கள். நூறு பேர் இருக்கும் ஒரு இனத்தில் எட்டு ஆண்கள் என்றால் என்ன என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். வெளியுலகோடு பழகிய ஓங்கேக்களுக்கே இது நடந்தது. நம்மோடு பேச ஒரு சொல்கூடப் பொதுவாக இல்லாதவர்கள் கரையில் நீங்கள் மாத்திரை அட்டையை மிதக்கவிட்டால், எதற்கு, எத்தனை, யாருக்கு என்று யார் சொல்வார்கள்? ஓங்கேக்களையே துணைக்குக் கூட்டிப் போய்ப் பார்த்தபோதும் சென்டினலியர் பேச்சு அவர்களுக்குப் புரியவில்லை. ஒரு குழந்தை மொத்த அட்டையையும் வாயில் போட்டால் நீங்கள் எந்தக் கரையில் இருப்பீர்கள்?

1991 விவகாரமும் இதோடு சேர்ந்ததுதான். ஆம், அந்த வருடம் ஜனவரி 4-ஆம் தேதி மானுடவியலாளர் மதுமாலா சட்டோபாத்யாய் இருந்த குழுவிடம் அவர்கள் தண்ணீரில் இறங்கி வந்து தேங்காய் வாங்கிக்கொண்டார்கள். தீவில் தென்னை கிடையாது, அதனால் தேங்காய்க்கு ஒரு மவுசு. ஆனால் அந்தக் காட்சியை மட்டும் வெட்டி எடுத்துப் போடும் வீடியோக்கள் மீதியைச் சொல்வதில்லை. அன்றைக்கே ஒரு இளைஞன் வில்லை நாணேற்றிக் குறி பார்த்தான். தேங்காய் வாங்கியவர்கள் கரைக்கு வரும்படி யாரையும் கூப்பிடவில்லை. 1967-லிருந்து அங்கே போய் வந்த மானுடவியலாளர் டி. என். பண்டிட் போன்றவர்களின் அனுபவமும் இதுதான்: கொடுத்ததை எடுத்துக்கொள்வார்கள், அப்புறம் "கிளம்பு" என்று சைகை காட்டுவார்கள். 1990-களின் நடுவில் அரசு இந்தப் பயணங்களையே நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு கொள்கை, தூரத்தில் நின்று கண்காணிப்பது, கை வைக்காமல் விடுவது. தேங்காய் நட்புக்கு அத்தாட்சி என்றால், அதைக் கொண்டுபோன நிபுணர்களே ஏன் போவதை நிறுத்தினார்கள் என்ற கேள்வி வருமல்லவா?

2025 மார்ச் 29 அன்று இன்னொரு அமெரிக்க இளைஞர், 24 வயது, ரப்பர் படகில் தனியாகப் போய்க் கரையில் இறங்கினார். விசில் ஊதிப் பார்த்தார், யாரும் வரவில்லை. சில நிமிடம் நின்று, ஒரு டயட் கோக் கேனையும் ஒரு தேங்காயையும் வைத்துவிட்டு, மண் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, வீடியோவும் எடுத்துத் திரும்பினார். இரண்டு நாளில் கைது. அந்தக் கேனைத் தொழிற்சாலையிலிருந்து கடைவரை எத்தனை கை தொட்டிருக்கும்! உங்கள் டிரம்முக்கும் அந்தக் கேனுக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குத் தெரியவில்லை.

"மிருகக்காட்சிசாலை" என்ற குற்றச்சாட்டு

இதில் உங்களோடு பாதி தூரம் வருகிறேன். அந்தமானில் அப்படிப்பட்ட அவமானம் நடந்திருக்கிறது. ஜாரவா காட்டைக் கிழித்துக்கொண்டு போகும் அந்தமான் டிரங்க் ரோட்டில், சுற்றுலாக்காரர்கள் பிஸ்கட்டும் வாழைப்பழமும் நீட்டி ஜாரவாப் பெண்களை ஆடச் சொன்ன வீடியோ 2012-ல் வெளிவந்து ஊர் சிரித்தது. ஜாரவா பகுதியில் அந்தச் சாலையை மூட உச்ச நீதிமன்றம் 2002-லேயே உத்தரவிட்டது. ஆனால் வண்டிகள் இன்றைக்கும் ஓடுகின்றன. ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் விடிகாலையிலேயே டூரிஸ்ட் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். போலீஸ் துணையோடு கான்வாயாகத்தான் விடுவார்கள். நிறுத்தாதே, படம் எடுக்காதே, எதுவும் கொடுக்காதே என்று பலகை இருக்கும். பலகைக்குப் பக்கத்திலேயே ஒருவர் செல்போனைக் கண்ணாடியில் ஒட்டிவைத்துக்கொண்டு காத்திருப்பார். சட்டத்தைக் காகிதத்தில் எழுதுவது சுலபம், சாலையை மூடுவதுதான் கஷ்டம் என்று அரசே நிரூபித்த இடம் அது.

ஆனால் மிருகக்காட்சிசாலையில் பூட்டு வெளியில் இருக்கும், பார்க்க வருபவர் டிக்கெட் வாங்கி உள்ளே வருவார். வடக்கு சென்டினலில் உள்ளே இருப்பவர்களை யாரும் பூட்டிவைக்கவில்லை. 1956 ஒழுங்குமுறை அவர்கள் வெளியே வருவதைத் தடுக்கவில்லை, நாம் உள்ளே போவதைத்தான் தடுக்கிறது. வர வேண்டும் என்று தோன்றினால் ஓடம் இருக்கிறது. அவர்களுக்குத் தோன்றவில்லை. தங்கள் முடிவை அவர்கள் எத்தனையோ முறை தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். சட்டம் அந்த முடிவை மதிக்கிறது.

உதவி இல்லாமல் செத்துப்போவார்கள் என்ற பயமும் உங்கள் கடிதத்தில் இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். நிலநடுக்கத்தில் தீவின் பவளத்திட்டே தண்ணீருக்கு மேலே எழும்பிவிட்டது. யாராவது பிழைத்தார்களா என்று பார்க்கப் போன ஹெலிகாப்டரை நோக்கி ஒருவர் கடற்கரையில் நின்று வில்லை வளைத்தார். 1981-ல் பவளத்திட்டில் தட்டி நின்ற 'ப்ரிம்ரோஸ்' என்ற சரக்குக் கப்பலின் இரும்பை எடுத்து அம்பு முனை செய்துகொண்டவர்கள் அவர்கள். வெளியிலிருந்து வருவதில் எது வேண்டும், எது வேண்டாம் என்று தேர்ந்தெடுக்கத் தெரிந்தவர்கள்தான். அங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று நிச்சயமாக யாருக்கும் தெரியாது. 2001 கணக்கெடுப்பில் 39, 2011-ல் 15 என்று இருக்கும். இரண்டுமே தூரத்தில் படகிலிருந்து கண்ணில் பட்ட தலைகளின் எண்ணிக்கை. இதை வைத்து "அழிந்துகொண்டிருக்கிறார்கள்" என்று வீடியோ தலைப்பு போடுபவர்களை நம்பாதீர்கள்.

கொன்றால் வழக்கு இல்லையா?

"அவர்களுக்குச் சட்டம் பொருந்தாது" என்று எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. சாவ் இறந்தபோது அடையாளம் தெரியாத நபர்கள்மேல் கொலை வழக்கு பதிவானது. மேலே போகவில்லை, அவ்வளவுதான். போகவும் முடியாது. கைது செய்ய ஆள் இறங்கினால் அந்த இறங்குதலே நோயைக் கொண்டுபோகும். வாக்குமூலம் வாங்க மொழி இல்லை. தன் இடத்துக்குள் அத்துமீறி வந்தவனைத் தடுத்தார்கள் என்ற தற்காப்பு வாதமும் நிற்கும். உடலை மீட்க முயன்றால் இரண்டு தரப்பிலும் உயிர் போகும் என்று மானுடவியலாளர்கள் எச்சரித்தார்கள், போலீஸும் விட்டுவிட்டது. இறந்தவரின் குடும்பத்துக்கு இது எவ்வளவு கொடுமை என்று எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்த முடிவு சரி என்றே நினைக்கிறேன். உங்களுக்கு அங்கே ஏதாவது நடந்தால் உங்கள் அம்மாவுக்கும் உடல் கிடைக்காது. இதை எழுதக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் சொல்லாமல் விட முடியாது.

வீடியோவை வேறு மாதிரி செய்யலாம்

இந்த விஷயத்தில் உங்களுக்கு ஆர்வம் உண்மையாகவே இருந்தால், தீவின் பக்கமே போகாமல் நல்ல வீடியோ எடுக்கலாம். போர்ட் பிளேரில் (இப்போது பெயர் ஸ்ரீ விஜய புரம்) மானுடவியல் அருங்காட்சியகம் இருக்கிறது, கடற்படையின் சமுத்திரிகா அருங்காட்சியகம் இருக்கிறது. உள்ளே படம் எடுக்கலாமா என்று மட்டும் வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள். 1880 சம்பவம், ப்ரிம்ரோஸ் கப்பல், ஓங்கேக்களின் கதை, 2002 தீர்ப்புக்குப் பிறகும் ஓடும் சாலை என்று ஒவ்வொன்றும் தனி வீடியோவுக்குத் தாங்கும். தமிழில் இவற்றை ஒழுங்காகச் சொன்னவர்கள் குறைவு.

ஒரு எச்சரிக்கை. அந்த டிரங்க் ரோட்டில் பாராடாங் தீவுக்குப் போகும் வழியில் ஜாரவாக்கள் கண்ணில் பட்டால் கேமராவை எடுக்காதீர்கள். மற்றவர்கள் எடுத்த ஜாரவா வீடியோக்களை உங்கள் சேனலில் வெட்டி ஒட்டவும் வேண்டாம். இப்படிப்பட்ட வீடியோக்களை இணையத்திலிருந்து நீக்கச் சொல்லித் தேசியப் பட்டியல் பழங்குடியினர் ஆணையம் 2017-லேயே தலையிட்டிருக்கிறது. "நான் எடுக்கவில்லை, பகிர்ந்தேன்" என்பது உங்களைக் காப்பாற்றும் என்று நினைக்க வேண்டாம்.

கடைசியாக முன்பண விஷயம். ஒப்பந்தத்தில், வீடியோ தராவிட்டால் இரண்டு மடங்கு திருப்பித் தர வேண்டும் என்று இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை நினைத்துப் பயந்து போக வேண்டாம். சட்டவிரோதமான காரியத்துக்காகப் போட்ட ஒப்பந்தம் செல்லாது என்று 1872 இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு சொல்கிறது. "தீவுக்கு அருகே போய் எடுக்க வேண்டும்" என்று அவர்கள் மின்னஞ்சலிலேயே இருந்தால் அந்த இரட்டிப்புத் தொகையை அவர்கள் நீதிமன்றத்தில் கேட்பது கஷ்டம். மின்னஞ்சல்களை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். வாங்கிய முன்பணத்தை வங்கி மூலமாகவே திருப்பி அனுப்புங்கள், ரொக்கமாக வேண்டாம். கூடவே, இது சட்டப்படி அனுமதியில்லாத இடம், அதனால் செய்ய முடியாது என்று இரண்டு வரி எழுதிப் பதில் கேளுங்கள். அதற்குப் பிறகும் அவர்கள் மிரட்டினால், ஒப்பந்தப் பிரதியோடு உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள். ஆலோசனைக்கு அங்கே காசு கேட்க மாட்டார்கள். ஆனால் அதற்கெல்லாம் முன்னால், இன்றைக்கே மச்சானுக்குப் போன் போட்டுத் திட்டம் ரத்து என்று சொல்லிவிடுங்கள். உங்களுக்காக டீசல் வாங்கி வைத்திருக்கிறார் என்று எழுதியிருந்தீர்களே, அந்தக் காசையும் கொடுத்துவிடுங்கள்.